பாக்கி

அத்ரேயில் காற்று கிளம்பினால்
முதலில் பறப்பவை என் படிவங்கள்தான்.
அதனால் கட்டுக்கு ஒரு கல்.
ஆயிரத்து நூறு சாட்சியங்கள், பதினாறு கற்கள்.
கற்கள் எல்லாம் சாட் நாட்டுக் கற்கள்.
சாட்சிகள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம்,
முப்பது கிலோமீட்டரில்
நான் வழக்காடிக்கொண்டிருந்த ஜெனைனாவின் மனிதர்கள்.

அங்கே முதலில் பதிவேடுகளைக் கொளுத்தினார்கள்.
பிறந்தவர், மணந்தவர், மனை வாங்கியவர்
ஒரே பிற்பகலில் புகையானார்கள்.
பிறகுதான் ஆட்களிடம் வந்தார்கள்.

தூரத்து நகரம் ஒன்றிலிருந்து
விசாரணைக் குழு கேட்டிருந்தது, கண்ணியமாகவே:
அந்தத் தெருவில் அவர்கள் குடியிருந்ததற்கு
ஆவணம் ஏதும் உண்டா?

கடிதத்தை ஒன்பது நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் அதூமா வந்தார்.
வலது காலில் ஒருவருடைய செருப்பு,
இடது காலில் வேறொருவருடையது.
கழுதை வண்டியில் தண்ணீர் விற்றவர்.
கழுதை ஓடைக்கரையில் சுடப்பட்டதாம்.
அதையும் எழுதச் சொன்னார், எழுதினேன்.
பிறகு மாவுப் பையைப் பிரித்து
முனை கருகிய ஒரு நோட்டை மேசையில் வைத்தார்.

கமீசா, பச்சைக் கதவு: மூன்று கேன், பாக்கி.
தையற்காரர் யாகூப்: ஒன்று, பாக்கி.
ஆசிரியை அர்ஜா வீட்டுக் கல்யாணம்:
பதினெட்டு, பாதி பாக்கி.
வேப்பமரத்தடி வீடு, பெயர் சொல்லாத பையன்:
ஒன்று. கேட்க வேண்டாம்.

வீட்டுக்கு வீடு, தேதிக்குத் தேதி.
எந்த அரசாங்க எழுத்தரும் இப்படி எழுதியதில்லை.
எரிந்துபோன தெரு
தாகத்தோடு எழுந்து வந்து உட்கார்ந்தது.
என் கை நடுங்கியது.
வெட்கத்தோடுதான் சொல்கிறேன், மகிழ்ச்சியில்.

ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கத் தொடங்கினேன்.
நான்காம் பக்கத்தின் மேல்
அதூமா உள்ளங்கையை விரித்து வைத்தார்.
'அனுப்புமுன் பாக்கியையெல்லாம் அடித்துவிடுங்கள்.
கடனோடு போனவருக்கு
மேலே கதவு திறக்காது என்பார்கள்.
கீழேயும் ஒரு சபையில்
அவர்களைக் கடன்காரராக நிறுத்த மாட்டேன்.'

ஒரு கோடு போட்டாலும் இது சாட்சியமாகாது என்றேன்.
திருத்தியதாகச் சொல்வார்கள்,
தெருவே பொய் என்பார்கள்.
'அப்படியானால் எல்லாம் வந்து சேர்ந்தது என்று எழுதுங்கள்.'
சத்தியம் செய்திருக்கிறீர்கள் என்றேன்.
'செத்தவர்களுக்காக ஒரு பொய். பொறுத்துக்கொள்வான்.'

வெளியே யாரோ வரிசை கலைந்ததற்குக் கத்தினார்கள்.
குழந்தை ஒன்று கூடாரக் கயிற்றை
மீட்டிக்கொண்டே இருந்தது.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு:
வேறு ஏதேனும்?
பெரும்பாலும் காலியாகவே போகும்.
வந்து சேர்ந்தது என்று எழுத முடியாது அதூமா,
விட்டுவிட்டேன் என்று எழுதலாம்.
அது இன்றைய தேதியில் உண்மைதானே.
நெடுநேரம் யோசித்தார்.
சந்தையில் விலை படியும்போது அசைப்பதுபோல்
தலையை ஒருமுறை அசைத்தார்.

எழுதினேன்: இந்த ஏட்டிலுள்ள எவரிடமிருந்தும்
எனக்கு எதுவும் வரவேண்டியதில்லை.

கையொப்பம் இடப்போனவர் நிறுத்தினார்.
'கடைசிப் பக்கம் பாருங்கள்.'
ஒரே ஒரு வரி.
மஸ்தூரா, உடைந்த சுவர் வீடு:
இரண்டு கேன், முன்பணம்.
'அன்று காலை வாங்கிக்கொண்டேன்.
போவதற்குள் சத்தம் தொடங்கிவிட்டது.
இதை விட முடியாது, இது என் பாக்கி.
உங்கள் கட்டுகளில் அவள் இருக்கிறாளா?'

பதினாறு கற்களையும் தூக்கித் தேடினேன்.
ஒரு மஸ்தூரா இருந்தாள். வேறு தெரு. வயது ஆறு.

அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துத் தர முடியுமா என்றார்.
முடியாது. நகல் கொடுத்தேன்.
மடிக்காமல், இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி
இன்று வந்திறங்கியவர்களின் வரிசையை நோக்கிப் போனார்,
ஒவ்வொரு முகத்தின் முன்னும் நின்று நின்று.

காற்று வலுக்கத் தொடங்கியிருந்தது.
இன்னொரு கல் தேடி வெளியே வந்தேன்.